சூடிக் கொடுத்த ஊர்

சென்னையிலிருந்து வந்த அக்கா மகன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிட்டான். "மாமா, இந்த ஊர்ல சுத்திப் பாக்க என்னென்ன இருக்கு?"

கேள்வி எனக்கு. பதில் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த சித்தியிடமிருந்து வந்தது.

"ஏய்யா, பெரியகுளம் கண்மாய் மறுகால் போகுதாம். மொதல்ல அதைப் பாத்துட்டு வா. கோயிலு எங்க போயிரப் போகுது?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் இப்படிச் சொல்வது தெய்வ நிந்தனையில் சேராது. விருதுநகர் மாவட்டத்தில் சாமியைத் தினமும் பார்க்கலாம். கண்மாயில் தண்ணீரைப் பார்க்கத்தான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

போனோம். ஊரில் பாதி ஏற்கெனவே அங்கே இருந்தது. கரை மேல் கைலியை மடித்துக் கட்டிய பெரியவர்கள், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், செல்போனை உயர்த்திப் பிடித்த கல்லூரிப் பையன்கள், கூட்டம் எங்கே கூடும் என்று எப்படியோ தெரிந்துகொண்டு வந்துவிட்ட சுண்டல்காரர். கலுங்கில் வழிந்த தண்ணீரில் ஒருவர் மும்முரமாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நூறு பேர் பார்ப்பது தண்ணீரைத்தான், தன் பனியனை இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"மறுகால்னா என்ன மாமா?"

"கண்மாய் வயிறு முட்டக் குடிச்சிட்டு, மிச்சத்தை வெளிய விடுறது."

"அந்த மிச்சம் வேஸ்ட்டா?"

"அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைஞ்சா அதுக்கு அடுத்த கண்மாய்க்கு."

"அப்போ கீழ இருக்கிறவங்களுக்கு செகண்ட் ஹேண்ட் தண்ணியா?"

பக்கத்தில் நின்ற பெரியவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். எனக்கோ, பத்து வருசமாக இந்த ஊரைப் பற்றிச் சொல்லத் தேடிக்கொண்டிருந்த வார்த்தையைப் பயல் வந்து அரை மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டான் என்று தோன்றியது. செகண்ட் ஹேண்ட்! ஸ்ரீவில்லிபுத்தூரின் மொத்தச் சரித்திரமும் அதுதான். ஒருவர் அனுபவித்ததை அடுத்தவர் கைக்கு மாற்றுவது, வாங்கியவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது. மற்ற ஊர்களில் இதைப் பழசு என்பார்கள். இங்கே பிரசாதம்.

சரி, வரிசையாகச் சுற்றிக் காட்டுகிறேன்.

முதல் உரிமையாளர் புலி

இந்த இடத்தை முதலில் வைத்திருந்தது புலி. பட்டா அதன் பேரில் இல்லை என்றாலும் அனுபோகப் பாத்தியதை அதற்குத்தான் இருந்தது. மல்லி என்றொரு அரசி இந்தப் பக்கத்தை ஆண்டாள் என்றும், அவளுக்கு வில்லி, கண்டன் என்று இரண்டு பிள்ளைகள் என்றும் தலபுராணம் சொல்கிறது. இருவரும் வேட்டைக்குப் போனார்கள். புலியும் அன்றைக்கு வேட்டைக்கு வந்திருந்தது. கண்டன் திரும்பவில்லை.

வில்லி காடெல்லாம் தேடி அலுத்து ஒரு மரத்தடியில் தூங்கிப்போனான். கனவில் பெருமாள் வந்தார். துக்கம் விசாரித்த கையோடு, தான் பக்கத்து ஆலமரத்தடிப் புற்றில்தான் இருப்பதாகவும், காட்டை அழித்து ஒரு கோயிலும் ஊரும் கட்டும்படியும் சொன்னார். சகோதரனை இழந்தவனிடம் அன்றைக்கு ராத்திரியே கட்டட வேலையை ஒப்படைத்தது கொஞ்சம் அவசரம்தான். வில்லி தட்டவில்லை. மரங்கள் விழுந்தன, ஊர் எழுந்தது, அவன் பேரே ஊருக்கு வந்தது. ஆலிலையில் பள்ளிகொண்ட வடபத்ரசாயி இன்றைக்கும் அதே இடத்தில் சௌகரியமாகப் படுத்திருக்கிறார்.

கண்டன் பேரில் ஒரு தெருகூட என் கண்ணில் படவில்லை. புலியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. இந்த விஷயத்தை இப்படியே ஓர் ஓரமாக வையுங்கள். பின்னால் வரும்.

கடவுளுக்குத் திருஷ்டி கழித்தவர்

அப்புறம் வந்தவர் விஷ்ணுசித்தர். தொழில், நந்தவனத்தில் பூப்பறித்துப் பெருமாளுக்கு மாலை கட்டுவது. 9-ஆம் நூற்றாண்டு வாக்கில் என்பது பொதுவான கணக்கு. மதுரையில் பாண்டியன் ஸ்ரீவல்லபனுக்கு, எந்தத் தெய்வத்தைப் பிடித்தால் கரையேறலாம் என்று ஒரு சந்தேகம் வந்தது. ராஜாக்களுக்கு இந்த மாதிரிச் சந்தேகம் வந்தால் செலவு ஜாஸ்தி. பொற்காசு மூட்டை ஒன்றை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, யார் நிரூபிக்கிறாரோ எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தான். ஊரில் உள்ள பண்டிதர்கள் எல்லாம் ஏடும் கையுமாகக் கிளம்பினார்கள்.

நம்மவர் ஒரு ஏட்டையும் புரட்டாமல் போனார். 'எனக்கு மாலை கட்டத்தான் தெரியும்' என்று கனவில் பெருமாளிடம் கெஞ்சிப் பார்த்தார். 'நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று உத்தரவு. சபையில் பேசினார். பொற்கிழி தானாக வளைந்து அவர் கைக்கு எட்டியது. பரீட்சைக்குப் படிக்காமல் போய் மாநிலத்தில் முதலாவதாக வந்தவர் என்று வரலாற்றில் இவரை மட்டும்தான் சொல்லலாம்.

யானை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். பெற்ற பிள்ளைக்குப் பரிசு கிடைத்தால் அப்பா அம்மா பார்க்க வருவதில்லையா? பெருமாளும் தாயாரோடு கருடன் மேல் ஏறி வானத்தில் வந்து நின்றுவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் ஒரு நீண்ட கோரிக்கைப் பட்டியலை எடுத்து நீட்டியிருப்பார்கள். விஷ்ணுசித்தருக்கு வந்தது பதற்றம். 'இத்தனை ஜனத்துக்கு நடுவே இப்படி வந்து நிற்கிறாரே, கண் பட்டுவிடாதா!' யானைக் கழுத்து மணியையே தாளமாகக் கொண்டு, பல்லாயிரத்தாண்டு நீ நல்லா இருக்க வேண்டும் என்று கடவுளை வாழ்த்திப் பாடினார். சித்தி எனக்குப் பரீட்சை அன்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டதும் இதுவும் ஒன்றேதான். கடவுளுக்கே ஆசீர்வாதம் செய்தவர் என்பதால் மற்ற ஆழ்வார்களைவிடப் பெரியவர் ஆனார். பெரியாழ்வார்.

பரிசுப் பணத்தில் கோபுரம் கட்டினார் என்பது ஊர்க்கதை. பரிசுப் பணத்தைத் தன் வீட்டு மாடிக்குச் செலவழிக்காதவர் என்ற அளவில் இதுவும் ஒரு புராண அதிசயம்.

போட்டதைக் கொடு

ஊரின் பெரிய கதைக்கு வந்துவிட்டோம். நந்தவனத்தில் துளசிச் செடிக்கு அடியில் ஆடிப் பூரத்தில் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்து வளர்த்தார் பெரியாழ்வார். கோதை. ஆண்டாள். அந்த நந்தவனம் இன்றும் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது.

அப்பா பெருமாளுக்குக் கட்டி வைத்த மாலையைப் பெண் எடுத்துத் தான் போட்டுப் பார்ப்பாள். அழகு பார்க்க ஒரு கிணறு. கோயிலுக்குள் 'கண்ணாடிக் கிணறு' என்று இன்றும் காட்டுகிறார்கள். பார்த்துவிட்டு, கசங்காமல் கழற்றிப் பழையபடி கூடையில் வைத்துவிடுவாள். பல நாள் நடந்தது. ஒருநாள் மாலையில் ஒரு முடி. துப்பறியும் கதைகளில் கடைசி அத்தியாயத்தில் வரும் தடயம் இந்தக் கதையில் பாதியிலேயே கிடைத்துவிட்டது.

அப்பா பதறிப்போனார். அந்த மாலையை ஒதுக்கிவிட்டுப் புது மாலை கட்டிக்கொண்டு ஓடினார். பெருமாள் வாங்கவில்லை. 'அவள் போட்டுக் கழற்றியது எங்கே? அதுதான் எனக்கு வேண்டும்' என்றார். ஆயிரம் வருசத்துக்கு மேல் ஆகியும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் ஊர் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

எச்சில், தீட்டு, மடி, ஆசாரம் என்று அத்தனை வேலிகளும் உயரமாக இருந்த உலகத்தில், ஒருத்தி போட்டதைப் போட்டுக்கொள்வதே தனக்குக் கௌரவம் என்று சாமியே சொல்லிவிட்டார். அதற்கு மேல் யார் பேசுவது? விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர், போர்களுக்கு நடுவே உட்கார்ந்து, இந்தப் பெண்ணைப் பற்றித் தெலுங்கில் ஒரு காவியமே எழுதினார். 'ஆமுக்தமால்யதா'. தலைப்பின் அர்த்தமே சூடிக் கொடுத்தவள்தான்.

பழக்கம் இன்றுவரை விடவில்லை. புரட்டாசி பிரம்மோற்சவத்தில் திருப்பதி ஏழுமலையான் கருட சேவைக்கு இங்கே ஆண்டாள் போட்ட மாலை போகிறது. சித்திரையில் அழகர் வைகையில் இறங்கும்போதும் கழுத்தில் நம் ஊர் மாலைதான். ஏழுமலையான் உலகத்திலேயே பெரும் பணக்காரச் சாமிகளில் ஒருவர், பூவுக்கா பஞ்சம்? ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் கழற்றிய மாலை வரவேண்டும் என்று காத்திருக்கிறார். பதிலுக்குப் பங்குனிக் கல்யாணத்துக்குத் திருப்பதியிலிருந்து பட்டுப்புடவை வரும். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே ஆடி சீர், தீபாவளி சீர் போகிற மாதிரி இதுவும் தடையில்லாமல் போய் வருகிறது.

கர்ப்பக்கிரகத்தில் இன்னொரு வேடிக்கை. வழக்கமாகப் பெருமாளுக்கு எதிரே கைகூப்பி நிற்கும் கருடன் இங்கே ஆண்டாள், அவளைக் கைப்பிடித்த ரெங்கமன்னார் இருவரோடும் கூடவே நிற்கிறார். மாப்பிள்ளையை முகூர்த்தத்துக்குத் தாமதமில்லாமல் கொண்டுவந்து சேர்த்ததற்குக் கிடைத்த மரியாதையாம். கல்யாண போட்டோவில் கார் டிரைவரைக் கூப்பிட்டு மணமக்கள் பக்கத்தில் நிறுத்திய முதல் வீடு எங்கள் வீடு.

ஒரு நாள் கிளி

ஆண்டாள் கையில் இருக்கும் கிளியை மருமகனுக்குக் காட்டினேன். பச்சை வண்ணம் அடித்த பொம்மை என்று நினைத்தான். முழுக்க இலையும் பூவும். மூக்கு மாதுளம்பூ. உடம்பு மரவள்ளி இலை. தினமும் புதிதாகச் செய்கிறார்கள். சில மணி நேர வேலை. நாரால் இறுக்கிக் கட்டி, மடித்து, செருகி, சிறகு வளைத்து, ஒரு வாலும் வைத்து முடிக்கும்போது அதற்கு ஒரு முழிப்பு வந்துவிடும். இந்தா பறந்துவிடுவேன் என்கிற மாதிரி. அம்மன் கையில் உட்கார்ந்து, ராத்திரி முழுக்க அவள் பேச்சைக் கேட்டுவிட்டு, மறுநாள் கிளி வேலையிலிருந்து ஓய்வு பெற்று யாரோ ஒரு பக்தர் வீட்டுக்குப் போய்விடும். அந்த வீட்டில் அதற்குப் பூஜை.

"இதுவும் செகண்ட் ஹேண்ட்தானா மாமா?"

"அதனாலதான் மவுசு."

வட்டியில்லாக் கடன்

ஆண்டாள் போகும்போது ஒரு கடனை வைத்துவிட்டுப் போனாள். அழகர்கோயில் பெருமாளிடம், நினைத்தது நடந்தால் நூறு அண்டா வெண்ணெயும் நூறு அண்டா அக்காரவடிசிலும் தருவதாகப் பாட்டிலேயே நேர்ந்துகொண்டாள். நினைத்தது நடந்தது. அண்டா நடக்கவில்லை. ஸ்ரீரங்கத்துக்குக் கல்யாணமாகிப் போன பெண், ரங்கநாதரோடு கலந்துவிட்டாள். அழகர் யாரிடம் போய்க் கேட்பார்?

பல தலைமுறை கழித்து ராமானுஜர் அந்தப் பாட்டைப் படித்தார். எல்லோரும் உருகுகிற இடத்தில் அவர் கணக்குப் பார்த்தார். 'வேண்டினாள், சரி. கொடுத்தாளா?' கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் தானே போய் அழகருக்கு நூறு அண்டாவையும் செலுத்திவிட்டு வந்தார். அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து நின்றபோது, கருவறையிலிருந்து ஆண்டாள் அவரை 'அண்ணா' என்று கூப்பிட்டாளாம். தங்கை வைத்த கடனைக் கேட்காமலே அடைப்பவன்தானே அண்ணன். ஆண்டாளுக்கு முன்னால் பிறந்தால்தான் அண்ணன் ஆகலாம் என்ற பிறப்புச் சான்றிதழ் விதி எல்லாம் அங்கே எடுபடவில்லை. மார்கழியில் கூடாரவல்லி அன்று அந்த நூறு பாத்திரக் கணக்கை இப்போதும் நினைவுபடுத்திக்கொள்கிறார்கள். நெய் முழங்கை வரை வழியும் என்பதைச் சாப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வாய்மையே வெல்லும், எந்தக் கோபுரம் என்பதைத் தவிர

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் கோபுரம். 11 நிலை, 192 அடி. தமிழ்நாட்டு அரசின் முத்திரையில் இருப்பது இதுதான் என்று ஊரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். பஸ் டிக்கெட், ரேஷன் கார்டு, வரிக் கடிதம், எதை எடுத்தாலும் நம் கோபுரம் என்று ஒரு பூரிப்பு. வரிக் கடிதத்தைக் கொஞ்சம் பூரிப்புக் குறைவாகத்தான் பார்ப்போம்.

மதுரைக்காரர்கள் ஒப்பமாட்டார்கள். 1949-இல் இலச்சினையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ண ராவ், மீனாட்சி கோயில் மேலக் கோபுரத்தைப் பார்த்துத்தான் வரைந்தேன் என்று சொல்லியிருக்கிறார் என்பார்கள். நாங்கள் விடுவோமா? அந்த வருசம் முதலமைச்சர் யார்? பி.எஸ். குமாரசாமி ராஜா. எந்த ஊர்? ராஜபாளையம். இங்கிருந்து பக்கம். பக்கத்து ஊர்க்காரர் பதவியில் இருக்கும்போது மதுரைக் கோபுரத்தை வைக்க விட்டுவிடுவாரா? இது வரலாற்று ஆதாரம் ஆகாதுதான். ஆனால் டீக்கடையில் இதைவிட வலுவான ஆதாரம் தேவைப்பட்டதில்லை.

எழுபது வருசத்துக்கு மேலாக வழக்கு முடியவில்லை. முத்திரையில் கோபுரத்தைச் சுற்றி 'வாய்மையே வெல்லும்' என்று வேறு எழுதியிருக்கிறது.

நாயக்கர் சாப்பிட்டாச்சா?

17-ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட திருமலை நாயக்கருக்கு இந்த ஊர் மேல் அபாரப் பிரியம். இங்கே பூஜை முடிந்த பிறகுதான் மதுரையில் அவர் சாப்பாட்டில் கை வைப்பாராம். பூஜை முடிந்தது அங்கே எப்படித் தெரியும்? வழி நெடுகிலும் மண்டபம் கட்டி, ஆள் வைத்து, முரசு வைத்தார். இங்கே அடித்தால் அடுத்தவன் கேட்டு அடிப்பான், அவனைக் கேட்டு அதற்கடுத்தவன். எந்தக் கோயில் பூஜை என்பதில் இரண்டு கட்சி. ஆண்டாள் கோயில் என்பார் சிலர். தீராத வயிற்று வலியைத் தீர்த்த மடவார் வளாகம் வைத்தியநாதர்தான் என்பார் சிலர். சாப்பாட்டு விஷயம் என்பதால் எனக்கு இரண்டாவது கட்சி பிடிக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மதுரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும். வழியில் யாரும் தூங்காமல் இருந்தால் மூன்று நிமிடம் நாற்பது நொடியில் செய்தி மதுரை சேரும். தூங்கவே மாட்டார்கள் என்பதுதான் கதையில் நம்ப முடியாத பகுதி. நடுவில் ஒருத்தன் அசந்திருந்தால் பாண்டிய நாடே பசித்திருந்திருக்கும். அவனுக்குப் பின்னால் உள்ளவர்களும், ராஜா சாப்பிடாமல் தான் எப்படிச் சாப்பிடுவது என்று முரசுக் கோலோடு விழித்திருப்பார்கள். இப்போது வாட்ஸ்ஆப்பில் வரும் காலை வணக்கத்துக்கு முன்னோடி அந்த முரசுதான். செய்தி ஒன்றுமில்லை, ஆனால் அடுத்தவருக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

நாயக்கருக்கு இங்கே ஓர் அரண்மனையும் உண்டு. ராஜா காலமானதும் சும்மா கிடக்குமா? அதிலேயே பிற்காலத்தில் கோர்ட் நடந்தது. நாயக்கர் தீர்ப்புச் சொன்ன கூரைக்கடியில் முன்சீப் வாய்தா கொடுத்தார். இதுவும் கைமாறியதுதான். மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்டத் தலைமை நீதிமன்றம் இன்றும் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஆகவே மாவட்டத்து ஜனம் இரண்டு காரியத்துக்கு இங்கே வருகிறது. கல்யாணம் கூடி வர ஆண்டாள் சன்னதிக்கு. கூடியது குலைய கோர்ட்டுக்கு. இரண்டுக்கும் ஒரே பஸ்தான். இறங்குகிறவர் முகத்தைப் பார்த்தே ஆட்டோக்காரர் எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

ஊர் நகரவில்லை, மாவட்டங்கள்தான் ஊர் மேல் நகர்ந்துகொண்டே இருந்தன. 1910 வரை திருநெல்வேலி. அப்புறம் ராமநாதபுரம். 1985-இல் காமராஜர் மாவட்டம். பிறகு விருதுநகர் மாவட்டம். திருநெல்வேலி காலத்துக் கலெக்டர் பென்னிங்டன் பேரில் 1875-இல் தொடங்கிய நூலகம் மட்டும் பேரையும் மாற்றாமல் இடத்தையும் காலி செய்யாமல் இருக்கிறது. கலெக்டர் போய்விட்டார், வெள்ளைக்காரனும் போய்விட்டான். காலையில் ஒருவர் படித்து மடித்த பேப்பருக்காக அடுத்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருப்பது மட்டும் போகவில்லை.

குளத்தில் மூன்று நதி, கிழக்கே தீப்பெட்டி

திருமுக்குளத்தையும் காட்டினேன். கங்கை, யமுனை, சரஸ்வதி மூன்றும் ஆண்டாளுக்காக வந்து சேர்ந்த குளம் என்பது ஐதீகம். மார்கழியில் எண்ணெய்க் காப்புக்கு ஆண்டாள் இதன் கரை மண்டபத்துக்குத்தான் வருவாள். மூன்று நதி சேர்ந்தும் மழை பொய்த்த வருசத்தில் உள்ளே பையன்கள் ஸ்டம்ப் நட்டிருப்பார்கள். சரஸ்வதி அந்தர்வாகினி, மற்ற இரண்டும் அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டன போலிருக்கிறது.

இந்தப் பக்கம் இப்படி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, கிழக்கே இருபது கிலோமீட்டரில் உள்ள சிவகாசி, மழை வராமல் இருந்தால் போதும் சாமி என்று வேண்டிக்கொள்ளும். அந்த ஊர்ப் பிறப்பும் கைமாறியதுதான். தென்காசிக்காகப் பாண்டியன் காசியிலிருந்து கொண்டுவந்த லிங்கம், சுமந்து வந்த பசு வழியில் நகர மறுத்ததால் அங்கேயே தங்கிவிட்டது. அடுத்து 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறி, தீப்பெட்டிச் சூட்சுமத்தைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். காசியிலிருந்து சாமி, கல்கத்தாவிலிருந்து தீக்குச்சி. இரண்டும் ஊர் மண்ணில் பிடித்துக்கொண்டன. பட்டாசு வந்தது, அச்சகம் வந்தது. 'குட்டி ஜப்பான்' என்று நேரு பேர் வைத்ததாகப் பெருமை வேறு. பேர்கூட ஜப்பானிடம் வாங்கியது. நாட்டில் எந்தச் சுவரில் ஆண்டாள் காலண்டர் தொங்கினாலும் அவள் சிவகாசி வழியாகத்தான் வந்திருப்பாள்.

தேரும் கோவாவும்

ஆடிப் பூரத்துக்கு வந்திருந்தால் தேர் பார்த்திருக்கலாம். அந்தக் காலத்தில் மரச் சக்கரத்தோடு நாட்கணக்கில் நகர்ந்ததாம். ஆயிரம் பேர் ஒரு பக்கம் இழுப்பார்கள். சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகி அதை நிறுத்தத் தனியாகக் கொஞ்சம் பேர். இழுப்பவர்களைவிட முட்டுக்கட்டை போடுபவருக்கே திறமை அதிகம் வேண்டும். கை ஒரு நொடி பிந்தினால் கை இருக்காது. அரசியலில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ஒருமுறையாவது இங்கே வந்து தொழிலைக் கற்றுக்கொண்டு போகலாம்.

மருமகன் ஆர்வமெல்லாம் பால்கோவாவில் இருந்தது. கடைத்தெருவில் பத்துக் கடைக்கு எட்டுக் கடை 'ஒரிஜினல்'. மீதி இரண்டு, 'இதுதான் ஒரிஜினல்'. வடக்கிலிருந்து வந்து குடியேறிய சிங் குடும்பங்கள் கொண்டுவந்த கைப்பக்குவம் என்பார்கள். 2019-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. வடக்கே பிறந்ததைத் தெற்கே நம்முடையது என்று முத்திரை குத்தி வாங்குவதற்கு ஒரு தனி சாமர்த்தியம் வேண்டும்.

சந்துக்குள் ஒரு அடுப்படியில் நின்று பார்த்தோம். அகலமான இரும்புச் சட்டி. கீழே விறகு நின்று எரிகிறது. பாலில் சீனி விழுந்ததும் கிண்டுகிறவர் வேறு யாரிடமும் பேச மாட்டார். துடுப்பு சட்டியின் ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டி நடுவுக்குத் தள்ளுகிறது. முதலில் பால், அப்புறம் கூழ், அப்புறம் மணல் மணலாக ஒரு திரட்சி. வாசனை மாறுகிற நொடியில் சட்டியை இறக்கிவிட வேண்டும். அரை நிமிடம் பிந்தினால் கருகல். அதற்கும் ரகசிய வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், சட்டி சுரண்டலுக்கென்றே வரும் கோஷ்டி. நானும் அதில் உறுப்பினன்.

"பாலை இப்படிப் போட்டு வதைக்கணுமா மாமா?"

"கெட்டுப் போகாம அடுத்த ஊருக்குப் போகணும்னா வதைபட்டுத்தான் ஆகணும்."

புலிக்குத் திருப்பிக் கொடுத்தது

கடைசியாகச் செண்பகத்தோப்பு. ஊருக்கு மேற்கே மலையடிவாரம். உள்ளே காட்டழகர் கோயில், மீன்வெட்டிப் பாறை அருவி. எல்லாம் வனத்துறை விட்டால்தான். 1988-இல் சாம்பல் நிற அணிலுக்காக இதைச் சரணாலயம் ஆக்கினார்கள். அணில் என்றதும் முதுகில் மூன்று கோடு தேடினான் மருமகன். இது பூனை அளவு இருக்கும். மரத்துக்கு மரம் தாவும்போது நரைத்த வால் பின்னால் தோகையாகப் பறக்கும். கீழே இறங்கி மனிதனோடு பழகும் உத்தேசம் அதற்கு இல்லை. அனுபவசாலி.

சோதனைச் சாவடிப் பக்கம் ஒரு பலகை. ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். 2021-இல் அறிவித்தது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். ஓரமாக வைத்த விஷயத்தை இப்போது எடுத்துக்கொள்ளலாம்.

கண்டனைத் தின்ற புலி. அதன் காட்டைத்தான் வில்லி வெட்டி ஊர் ஆக்கினான். மண்ணைப் போட்டுப் பார்த்தோம், மரத்தைப் போட்டுப் பார்த்தோம், ஓடையைப் போட்டுப் பார்த்தோம், கண்ணாடிக் கிணற்றில் அழகும் பார்த்துக்கொண்டோம். இத்தனைக்கும் பிறகு, 'இந்தா, உன்னுடையதுதான்' என்று மிச்சத்தைக் கழற்றிப் புலியிடம் நீட்டியிருக்கிறோம். அரசாணையில் இதைக் காப்பகம் என்று எழுதியிருந்தாலும், எங்கள் ஊர்ப் பாஷையில் இதற்குப் பேர் சூடிக் கொடுத்தது. மலையில் அந்தக் காடு இருக்கிற வரைக்கும்தான் ஓடை வரும், பெரியகுளம் மறுகால் போகும், சித்தி திண்ணையிலிருந்து ஆள் அனுப்புவாள் என்பதும் இதற்குள் அடக்கம்.

பாறையில் உட்கார்ந்து பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்தோம். மலைக்காற்று ஒன்று வந்து எண்ணெய்த்தாளைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் போனது. மருமகன் எழுந்து ஓடினான். முள் கிழித்து, சட்டையெல்லாம் ஒட்டுப்புல்லோடு திரும்பி வந்து, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"ஒரு தாளுக்கா இந்த ஓட்டம்? மாலையில ஒரு முடி இருந்ததுக்குப் பெருமாள் ஒண்ணும் சொல்லலையேடா" என்றேன்.

"மாமா, அது பெருமாள். இது புலி."